ஊர்க்காரனுக்குத்தான் சிறை

அஸ்தேரியா
திராட்சை அறுக்கும் மாதம், வளர்பிறை

ஆல்கிமோஸ் தன் அக்கா திமோவுக்கு எழுதுவது. நீயும் அப்பாவும் சுகம்தானே?

இந்தக் கடிதத்தை ஓர் உப்புமீன் வியாபாரியிடம் கொடுத்து அனுப்புகிறேன். லித்தேயாவில் இறங்கியதும் ஊற்றடியில் உன்னைத் தேடச் சொல்லியிருக்கிறேன். உன் கையைத் தவிர வேறு கையில் கொடுக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திருட்டுச் சாமான் கொடுத்தனுப்புகிறேன் என்று நினைத்திருப்பார்.

நெமேயா விளையாட்டில் நீண்ட ஓட்டத்தில் நான் ஜெயித்தது உங்களுக்கு எட்டியிருக்கும். கடைசித் தூணைச் சுற்றித் திரும்பும்போது எனக்கு முன்னால் வெறும் மணல்தான் இருந்தது. முழங்கால் வலிக்கவே இல்லை அக்கா. அதைத்தான் முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நம் ஊரில் ஆட்டுக்குக் கால் ஒடிந்தால் கட்டுப் போடுகிறவரைத்தான் என் முழங்காலுக்கும் கூட்டிவந்தீர்கள். அஸ்தேரியாவில் எனக்கென்றே ஒரு வைத்தியரை வைத்தார்கள். காலையும் மாலையும் எண்ணெய் விட்டு உருவிவிட்டார். பயிற்சிக்குத் தனி ஆள், சாப்பாட்டுக்கு இறைச்சி. பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

அது என்ன என்பதும் உங்களுக்கு எட்டியிருக்கும். நடுவர்கள் முன்னால் போய் நின்றேன். கட்டியக்காரன் என் பக்கம் குனிந்து, "பேரு? அப்பா பேரு? ஊரு?" என்று கேட்டான். முதல் இரண்டையும் உள்ளபடி சொன்னேன். மூன்றாவதற்கு அஸ்தேரியா என்றேன். அவன் அதைத் திடல் முழுக்கக் கேட்கும்படி கூவினான். என் தலையில் பச்சைச் செலரிக் கீரையால் கட்டிய வெற்றி முடியை வைத்தார்கள்.

ஒரே ஒரு சொல்தானே. காற்றில் போகிற சொல். அதைச் சொன்னதால் நான் தெலெசோனின் பிள்ளை இல்லாமல் போய்விடவில்லை, உன் தம்பி இல்லாமலும் போய்விடவில்லை. இதை ஊருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

அப்பா என்ன சொன்னார்? அதை மட்டும் எழுது. திட்டியிருந்தால் திட்டியபடியே எழுது.

உன் தம்பி


லித்தேயா
ஒலிவம் பறிக்கத் தொடங்கிய மாதம்

திமோ எழுதுகிறேன்.

சுகமா என்று கேட்டிருந்தாய். உன் உப்புமீன்காரர் ஊற்றடியில் என்னைத் தேடி அலைந்திருக்கிறார். நான் இப்போது மற்ற பெண்கள் தண்ணீர் எடுக்கும் நேரத்தில் ஊற்றுக்குப் போவதில்லை. உச்சி வெயிலில், காகம்கூடப் பறக்காத நேரத்தில் போய் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதிலிருந்தே என் சுகத்தைத் தெரிந்துகொள். அப்பா கல்லில் உளியால் வெட்டுவதைப் பார்த்துக் கற்ற எழுத்து என்னுடையது. அதனால் ஒவ்வொன்றும் பெரிதாகத்தான் வரும். படிக்கும்போது நான் கத்துவது போல இருந்தால் அப்படியே வைத்துக்கொள், தப்பில்லை.

பக்குவமாக எடுத்துச் சொல் என்கிறாய். எதை? இரண்டு வருஷத்துக்கு முன் நீ இஸ்த்மியாவில் ஜெயித்து வந்தபோது இந்த ஊர் என்ன செய்தது என்பது உனக்கு மறந்துவிட்டதா? வாசல் வழியாக எல்லோரும்தான் வருவார்கள், நம் பிள்ளை வாசல் வழியாக வரக் கூடாது என்று கோட்டைச் சுவரை இடித்து வழி செய்தார்கள். "இப்படி ஒரு பிள்ளை இருக்கிற ஊருக்குச் சுவரு எதுக்குடி?" என்று கைரியாஸ் மாமா ஆடினார். அந்த இடத்தை அடைக்காமலே விட்டு வைத்தோம். ஆடுகள் எல்லாம் அந்த வழியாக வந்து கீரைப் பாத்தியை மேய்ந்தன. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஆல்கிமோஸ் வந்த வழியில ஆடும் வருது, வந்துட்டுப் போகட்டும்" என்றுதான் சொன்னார்கள். உன் பயிற்சிக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி வாற்கோதுமையை எடுத்து வைத்த ஊர் இது. உன் இறைச்சிக்கு முன்னால் அது பிடி உமியாகத் தெரிகிறதோ என்னவோ.

நெமேயாவுக்குப் போயிருந்த நம் ஆட்கள் திரும்பி வந்தபோது பாட்டுப் பாட ஆள் சேர்த்துக்கொண்டு வாசலில் நின்றோம். நானும் நின்றேன். தலையில் பூ வைத்திருந்தேன். அவர்கள் தலையைத் தூக்காமல் எங்களைக் கடந்து போனார்கள். அந்தப் பூவை எங்கே எறிந்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

இப்போது சுவரை அடைத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு கல் கொண்டுவர வேண்டும் என்று கட்டளை. ஊருக்கு ஒரே கல்தச்சர் யார்? கட்டியது அப்பாதான். உன் இஸ்த்மியா வெற்றிக்காக, "ஆல்கிமோஸ், தெலெசோனின் மகன், லித்தேயா" என்று அவர் ராத்தூக்கம் கெட்டு வெட்டிய கல்லை உடைக்கச் சொன்னார்கள். அவர் உடைக்காமல், நம் வீட்டுக் கல்லாக அதையே கொண்டுபோய், எழுத்து உள்பக்கம் போகும்படி வைத்துப் பூசிவிட்டார்.

இன்னொன்றும் கேள். நம் வீட்டை ஊர்ச் சிறையாக ஆக்கிவிட்டார்கள். நானும் அப்பாவும் பின்கட்டில், எண்ணெய்ச் சாடி இருந்த அறையில் இருக்கிறோம். வீட்டை விட்டுத் துரத்தாமல் விட்டார்களே என்று சந்தோஷப்பட வேண்டுமாம். கைதிகளுக்குக் கஞ்சி காய்ச்சுவது என் வேலை. முதல் கைதி பிட்டாலோஸ், ஆடு திருடியவன். கோடைவரை நமக்குப் பால் ஊற்றியவன்தான். காவல்காரன் மிக்கோன் அவனை வாசலில் நிறுத்தி, "பேரு? அப்பா பேரு? ஊரு?" என்று கேட்கிறான். "மூணும் உனக்குத் தெரியாதாடா? உன் கல்யாணத்துக்கு ஆட்டை அறுத்ததே நான்தானேடா" என்றான் பிட்டாலோஸ். "வழக்கம்னா வழக்கம். சொன்னாத்தான் கதவைத் திறப்பேன்" என்றான் மிக்கோன். சொன்ன பிறகுதான் திறந்தான்.

போன வாரம் ஒரு மாலுமி சந்தையில் போர்வை திருடினான். அவனைப் பிடித்து எல்லைக் கல்லுக்கு அப்பால் அடித்து விரட்டிவிட்டு வந்தார்கள். ஏன் அடைக்கவில்லை என்று கேட்டேன். "ஊர்க் கஞ்சி ஊர்க்காரத் திருடனுக்குத்தான்க்கா. வெளியூர்க்காரனுக்கு நம்ம சிறையில இடம் கிடையாது" என்றான் மிக்கோன். நம் ஊருக்கு இன்னும் இந்த அளவு ரோஷம் மிச்சம் இருக்கிறது.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கீரைக் கட்டுக்காக ஊரை விற்றவனே, உன்னைத் திட்டக்கூட அவர் வாய் திறக்கவில்லை.

திமோ


அஸ்தேரியா
மழைக்காலத் தொடக்கம், கடைசிக் கப்பல் போகும் நாள்

அக்காவுக்கு ஆல்கிமோஸ்.

உன் கடிதத்தை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

என்மேல் அவர்களுக்குக் கோபம் என்றால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். அறுபது தாண்டிய மனிதரை அவர் கட்டிய வீட்டின் பின்கட்டில் தள்ளி, கூடத்தில் ஆட்டுத் திருடனைப் படுக்க வைப்பார்களா? இந்த யோசனை யாருடையது என்று நீ எழுதவில்லை. நீ எழுத வேண்டியதில்லை. ஊர்க்கூட்டத்தில் முதலில் வாய் திறப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? கைரியாஸ்தான். சுவரை இடிக்கும்போது ஆடினவர், அடைக்கும்போதும் ஆடியிருப்பார். அவர் முகத்தில் விழிக்க நேர்ந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். எனக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு அத்தி மரம் நிற்கிறது. கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர், அப்பாவுக்கு வேலை கிடைக்கும். இங்கே யாருக்கும் நம்மைத் தெரியாது. நீ எல்லோரும் தண்ணீர் எடுக்கும் நேரத்திலேயே தண்ணீர் எடுக்கலாம்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் கப்பல் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது.

வைத்தியர், இறைச்சி என்று போன கடிதத்தில் எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இஸ்த்மியாவில் முதல் முறை ஜெயித்தபோது கட்டியக்காரன் "லித்தேயா" என்று கூவினான். நீங்கள் எல்லாம் ஊரிலே இருந்தீர்கள், கேட்டிருக்க மாட்டீர்கள். திடல் சிரித்தது. "எங்கய்யா இருக்கு அது?" என்று ஒருவன் கத்தினான். "ஆட்டுப் பட்டிக்குப் பின்னாடி" என்று இன்னொருவன் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள். நடுவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தலையில் பைன் இலை முடியோடு நடுவில் நின்றேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை அக்கா. நம் ஊர்மேல்தான் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று வந்தது. அப்பாவின் கிழிந்த செருப்பும், நீ எனக்குக் கட்டிக் கொடுத்த அத்திப்பழ மூட்டையும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போலக் கூசியது.

ஊர் எனக்காகச் சுவரை இடித்தபோதும் அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது. நெமேயாவில் "அஸ்தேரியா" என்றதும் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர்கூட.

இதை அப்பாவிடம் சொல்லாதே.

ஆல்கிமோஸ்


லித்தேயா
குளிர்காலம். கடல்வழி மூடிவிட்டது. மலைவழி போகும் கழுதைக்காரரிடம் கொடுக்கிறேன்

தம்பி,

உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதியை நீயே எழுதித் தீர்த்துவிட்டாய். மீதிப் பாதி எனக்கு வேண்டும், வைத்துக்கொள்கிறேன். நான் கட்டிக் கொடுத்த மூட்டையைப் பார்த்தா உனக்கு வெட்கம் வந்தது? அந்தப் பழத்தைக் காய வைக்க வெயிலில் எத்தனை நாள் குளவியை விரட்டினேன் தெரியுமா? சரி, விடு.

கைரியாஸ் மாமாவை நீ ஏசியது எனக்குப் பொறுக்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆகக் கூடாது. அதனால் நான் எழுத விரும்பாததை எழுதுகிறேன்.

ஊர்க்கூட்டம் நடந்த அன்று நான் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஒலிவம் உலர்த்துகிறவள் போல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். இளவட்டங்கள் கொதித்தார்கள். உன் பெயரை ஊர்ப் பட்டியலிலிருந்து வெட்ட வேண்டும், நம் வீட்டைக் கல் கல்லாகப் பெயர்க்க வேண்டும், எங்களை எல்லைக்கு அப்பால் அனுப்ப வேண்டும் என்றார்கள். கைரியாஸ் மாமா எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "சின்னப் பய, புத்தி கெட்டுப் போச்சு. பெத்தவன் என்ன பண்ணுவான்? விட்டுருங்கப்பா" என்று அழுதார். அவரை உட்காரச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள்.

அப்போது அப்பா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "வீட்டை இடிக்கிறதுல யாருக்கு என்ன லாபம்? அதைச் சிறையா வச்சுக்குங்க. ஊருக்குச் சிறைன்னு ஒண்ணு இல்லாம கிணத்தடியில கட்டிப் போடறோம். என் மகன் என்னைக்காவது இந்த எல்லைக்குள்ள கால் வச்சா, பிடிச்சு அதே வீட்டுல அடைச்சு வைங்க. அவனுக்கு அதுதான் சரி" என்றார்.

இடிப்பதை விட அது கூட்டத்துக்குக் கொடுமையாகத் தெரிந்தது போல. எல்லோரும் கை தூக்கினார்கள். எந்த விளையாட்டுத் திடலிலும் உன் பெயரோடு ஊர்ப் பெயரைக் கூவ விடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கல்லில் வெட்டச் சொன்னார்கள். வெட்டியது யார் என்று கேட்காதே. அப்பாதான்.

நான் மாடியிலிருந்து இறங்கி வந்து அவரிடம், "பெத்த பிள்ளைக்குச் சிறை கட்டுன அப்பனை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றேன். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. கஞ்சியை முன்னால் வைப்பேன், குடிப்பார். உன்னால் எனக்கு ஊரில் தலை நிமிர முடியவில்லை, அவரால் வீட்டுக்குள்ளும் நிமிர முடியவில்லை.

அவர் அஸ்தேரியாவுக்கு வர மாட்டார். நான் கேட்கவில்லை, கைரியாஸ் மாமாவைக் கேட்கச் சொன்னேன். "அத்தி மரம் நம்ம வீட்டுலயும் இருக்கு" என்றாராம்.

சுவர் கட்டியதிலிருந்து அவருக்கு இருமல். ஈரத்தில் நின்று வேலை செய்தது நெஞ்சில் இறங்கிவிட்டது என்கிறார் உன் ஆட்டு வைத்தியர். குளிர் விட்டால் சரியாகுமாம்.

நீ வந்துவிடாதே. வந்தால் அடைப்பார்கள். அப்பா கேட்டு வாங்கிய சட்டம் அது.

திமோ


கென்கிரயாய்த் துறை
இஸ்த்மிய விளையாட்டு முடிந்த மறுநாள்

அக்கா,

நான் எழுதுவதை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு திட்டு.

இஸ்த்மியாவுக்கு அஸ்தேரியாக்காரர்களோடுதான் வந்தேன். பெயர் பதியும்போதும் அவர்கள் ஆளாகத்தான் பதிந்தார்கள். ஆனால் குளிர்காலம் முழுக்க நான் ஒன்றை நினைத்து வைத்திருந்தேன். ஜெயித்துவிட்டுக் கட்டியக்காரனிடம் லித்தேயா என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன சொல்லைச் சொல்லாலேயே அழித்துவிடலாம் என்று நினைத்தேன். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஜெயித்தேன். கட்டியக்காரன் குனிந்தான். "பேரு? அப்பா பேரு? ஊரு?" லித்தேயா என்றேன். அவன் பட்டியலைப் பார்த்தான், நடுவர்களைப் பார்த்தான். அஸ்தேரியாத் தூதர் எழுந்து, "இவன் பொய் சொல்றான். எங்க ஆளு இவன்" என்றார். நடுவர் லித்தேயாவிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

கைரியாஸ் மாமா எழுந்தார். படிக்கட்டில் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நடுவரைப் பார்த்து, "எங்க ஊர்ப் பேரை இவன் பேரோட கூவக் கூடாது. ஊர் முடிவுங்க. கல்லுல வெட்டியிருக்கு" என்றார். அதைச் சொல்லி முடித்துவிட்டு மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதது எனக்குத் தெரிந்தது, திடலுக்குத் தெரியவில்லை.

அதற்குள் அஸ்தேரியாக்காரர்களும் அவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் இவனை எந்த ஊர் என்று கூவுவது என்று கட்டியக்காரன் கேட்டான். பைன் முடியை எனக்குப் பின்னால் வந்தவன் தலையில் வைத்தார்கள். பொய் சொன்னதற்காகக் கோல்காரர்கள் என்னைத் திடலின் நடுவிலேயே அடித்தார்கள். இந்த முறையும் சிரித்தார்கள். அடி வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் நான் அழுதது அடிக்காக இல்லை.

சாயங்காலம் கைரியாஸ் மாமா என்னைத் தேடி இந்தப் படகுக் கொட்டகைக்கு வந்தார். மடியிலிருந்து பாலாடைக்கட்டியும் ஒலிவமும் எடுத்து வைத்தார். "சாப்பிடு. ஊரு சொல்லச் சொன்னதைச் சொன்னேன். இது நான் கொண்டாந்தது" என்றார். அவரை எப்படி எல்லாம் ஏசி உனக்கு எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் காலில் விழுந்தேன். அப்பா படுக்கையில் இருக்கிறார் என்று அப்போதுதான் சொன்னார். குளிர் விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லையாமே. நீ எழுதவில்லையே.

அஸ்தேரியா வீட்டைப் பூட்டிவிட்டார்கள். எங்கே போவது என்று தெரியவில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டும். ஆனால் எந்த முகத்தோடு வருவேன்? சிறைக்குப் பயப்படவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? அவரே கேட்டு வாங்கிய சட்டம் என்று எழுதினாயே. அதற்குப் பிறகும் வந்து நிற்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வராமல் இருக்கவும் வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கொட்டகைக்காரர் என்னை இன்னும் சில நாள் பொறுத்துக்கொள்வார். பதில் எழுது.

ஆல்கிமோஸ்


லித்தேயா
அத்தி துளிர்க்கும் மாதம்

தம்பி,

உன் கடிதத்தைக் கைரியாஸ் மாமாதான் கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கைதிகளின் கஞ்சி தீய்ந்துவிட்டது. பிட்டாலோஸ் விடுதலையாகிப் போய் மறுபடியும் ஆடு திருடி மறுபடியும் வந்திருக்கிறான். "ஏன்க்கா, இன்னைக்குக் கஞ்சியில புகை வாசம்?" என்றான். உன்னை அடித்தார்கள் என்பதை அவனிடம்தான் முதலில் சொன்னேன். அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஊரின் சதையும் ஆடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்போது நான் எழுதப் போவதற்கு எனக்கே முகம் கூசுகிறது.

தெருப் பக்கம் ஜன்னல் வைத்த அறை, நீ படுக்கிற அறை, அதில் இதுவரை ஒரு கைதியையும் அடைக்கவில்லை. இரண்டு பேர் வந்தபோதும் ஒரே அறையில்தான் நெருக்கிப் படுக்க வைத்தார்கள். ஏன் என்று மிக்கோனிடம் கேட்டதற்கு, "கூரை ஒழுகுதுன்னு உங்கப்பா சொன்னாரு" என்றான். குளிர்காலம் முழுக்க நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உன் கடிதம் வந்த அன்று ஒழுகும் இடத்தில் சட்டி வைக்கலாம் என்று அந்த அறைக்குள் போனேன். வெளியே நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. தரையைப் பெருக்கியிருந்தது. உன் கட்டிலில் புது வைக்கோல் போட்டு, மேலே ஆட்டுத்தோல் விரித்திருந்தது. எழுந்து நடக்க முடியாத மனிதர் இதை எப்போது செய்தார், யாரை விட்டுச் செய்தார் என்று தெரியவில்லை. பிட்டாலோஸின் முகத்தைப் பார்த்தால் அவன்தான் போலிருக்கிறது.

நான் பின்கட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையுதிர்காலத்திலிருந்து முதல் முறையாக வாய் திறந்து, "அப்பா, அந்த அறை ஒழுகலையே" என்றேன்.

அவர் வெகுநேரம் இருமினார். பிறகு, "அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி. மகனா வர வெக்கப்படுவான். கைதியா வந்தா வெக்கப்பட என்னம்மா இருக்கு? இழுத்துக்கிட்டு வந்தாங்க, வந்தேன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அவரே மறுபடியும் சொன்னார். "வீட்டை இடிச்சிருந்தா எங்கே வருவான்?"

அந்த மனிதரைத்தான் நான் மாதக்கணக்கில் வாய் பேசாமல் வைத்திருந்தேன். கஞ்சியை நாய்க்கு வைப்பது போல வைத்துவிட்டு வந்தேன். உன் வெட்கத்தை நீ எழுதிவிட்டாய், என்னுடையதை இப்போது நான் எழுதிவிட்டேன். நீ கூவச் சொன்ன ஒரு சொல்லை விட நான் சொல்லாமல் விட்ட சொற்கள் அதிகம்.

மறுநாள் அப்பா சொன்னதைக் கைரியாஸ் மாமாவிடம் சொன்னேன். அவர் ஊர்க்கூட்டக் கல்லின் முன்னால் போய் நின்று அப்பா வெட்டிய ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி மனுஷா. பேரை வெட்டணும்னுதானே நாங்க கூடுனோம். இவன் எந்திரிச்சு சிறைன்னான், அடைன்னான், அத்தனை பேரும் அதுலயே மயங்கிட்டோம். பேரை வெட்டவே இல்லையே. ஊர்ச் சிறையில அடைக்கணும்னா அவன் ஊர்க்காரனா இருக்கணும்ல" என்றார்.

உன் பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறது தம்பி. நாம் யாரும் பார்க்கவில்லை.

அப்பா இப்போது அதிகம் பேசுவதில்லை. வாசலில் மிக்கோன் யாரையாவது நிறுத்திக் கேள்வி கேட்டால் மட்டும் கண்ணைத் திறக்கிறார். மூன்று பதிலையும் கேட்டுவிட்டு மறுபடியும் மூடிக்கொள்கிறார். பிட்டாலோஸ் இரண்டாம் முறை வந்தபோதும் அப்படித்தான் செய்தார்.

முன்னே வராதே என்று எழுதினேன். இப்போது வா என்று எழுதவும் எனக்குத் தகுதி இல்லை. உனக்குத் தெரிய வேண்டியதை எழுதிவிட்டேன். ஆட்டுத்தோலை மட்டும் இன்று ஒரு முறை வெயிலில் உலர்த்தி மறுபடியும் விரித்திருக்கிறேன்.

திமோ


எல்லைக் கல் பக்கத்து ஊற்றிலிருந்து
அதே மாதம், காலையில்

அக்கா,

இதை ஆடு மேய்க்கிற ஒரு பெண்ணிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்கதானே சுவரை இடிச்சவரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் தாண்டவில்லை. தாண்டினால் பிடிக்க ஆள் வேண்டும். கைரியாஸ் மாமாவைக் கயிற்றோடு வரச் சொல். மிக்கோன் வேண்டாம், அவன் முடிச்சை இறுக்கிவிடுவான். மாமா கட்டினால் எனக்குக் கூச்சமாக இருக்காது. என்னைப் பழைய வாசல் வழியாகவே கூட்டிக்கொண்டு போகச் சொல். அடைத்த சுவர்ப் பக்கம் போகும்போது மட்டும் கொஞ்சம் நிற்க விட வேண்டும். அப்பா வைத்த கல் எது என்று அவர் காட்டினால் போதும், தொட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

தெருவில் எல்லோரும் நிற்பார்கள். நிற்கட்டும். நான் தலையைக் குனிந்துகொண்டுதான் வருவேன். துப்புகிறவர்கள் துப்பட்டும். நீ மட்டும் வெளியே வந்து நிற்காதே, உன்னைப் பார்த்தால் என் கால் ஓடாது.

நீ பின்கட்டில் அப்பா பக்கத்திலேயே இரு. அவரை மெதுவாகத் தூக்கிச் சாய்த்து உட்கார வை. பின்கட்டுக் கதவையும் கூடத்துக் கதவையும் நன்றாகத் திறந்து வை. மிக்கோன் வழக்கப்படி என்னை வாசலில் நிறுத்துவான். வழக்கப்படியே கேட்கச் சொல், ஒன்றையும் விட்டுவிட வேண்டாம். பேரையும் அப்பா பேரையும் சாதாரணமாகச் சொல்வேன்.

மூன்றாவதைச் சொல்லும்போது நான் சத்தமாகச் சொல்கிறேன். அவர் காதில் விழுந்ததா என்று மட்டும் நீ பார்த்துக்கொள்.

தெலெசோனின் மகன் ஆல்கிமோஸ்